சுவரைச் சொல்லவில்லை

அக்டோபர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து துணி ஊறப்போட்டேன். இன்று மீன் வாங்கவில்லை. நாளை மறுநாள் மதுரைக்குப் போகவேண்டும்.

பியூலாவுக்கு முதல் டிரிப். இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. கிறிஸ்மஸுக்கு முன் முடிந்துவிடும். பின்னால் என்றைக்காவது புரட்டினால் விளங்கவேண்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு இருபத்தாறு வயது. மூன்று வருஷத்துக்கு முன் சபையில் கீபோர்டு வாசித்துவிட்டு எழுந்தபோது இடது கால் அவளோடு எழுந்து வரவில்லை. எம்.எஸ். என்று வியாதிக்குப் பெயர் வைத்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுடைய பள்ளிப் புத்தகங்களை அவளோடு உட்கார்ந்து படித்துத்தான் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டக் கற்றேன். எனக்கு விளங்கியது இவ்வளவு: நம் வீட்டு மிக்ஸி வயரை எலி கடித்து மேலே இருந்த உறையை உரித்துப்போட்டதே, அதுபோல அவளுடைய நரம்புகளின் உறையை அவளுடைய உடம்பே அரிக்கிறது. உள்ளே கம்பி இருக்கிறது, சேதிதான் போய்ச் சேருவதில்லை. இதுவரை போட்ட ஊசிகள் எல்லாம் இனிமேல் அரிக்காமல் தடுப்பதற்கு. அரித்த இடத்தை மூடுவதற்கு மருந்து இல்லை என்றே சொல்லிவந்தார்கள். தடுப்பதற்குப் போட்டும் இரண்டு தடவை வியாதி திரும்ப வந்து அவளை அடித்துக் கீழே போட்டுவிட்டது. இப்போது நாலு கால் கம்பு இல்லாமல் நடக்கமாட்டாள்.

இந்தப் புது மருந்து உறையைத் திரும்ப வளரவைக்குமாம். வளர்ச்சிக் காரணி என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. "வளரவைக்கும்னு நான் சொல்லலைம்மா, வளரவைக்குமான்னு பார்க்கிறோம்" என்று டாக்டர் அங்கயற்கண்ணி என்னைத் திருத்தினார். பாதிப் பேருக்கு மருந்து ஏறும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம்.

"தெரியாம எப்படி டாக்டர் வைத்தியம் பாப்பீக?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா என் ஆசை உள்ளே வந்திரும். உங்க ஆசையும் வந்திரும். அப்புறம் மருந்து வேலை செஞ்சுதா, ஆசை வேலை செஞ்சுதான்னு யாருக்குத் தெரியும்?"

காகிதத்தில் ஒரு விதி இருக்கிறது. புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும் அன்றைக்கே சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த டோஸைத் தள்ளிப்போடலாம், நிறுத்தவும் செய்யலாம். அதை இரண்டு தரம் வாசித்தேன்.

பாஸ்டர் ஐயா இன்று பியூலாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். வியாதிக்கு வாயால் இடம் கொடுக்காதீர்கள், கிடைத்துவிட்டது என்று முன்னமே நன்றி சொல்லுங்கள் என்றார். அதனால் நம் வீட்டில் இனி வலி, முடியவில்லை என்கிற பேச்சு கிடையாது. ஸ்தோத்திரம் மட்டும்.

கர்த்தாவே, தட்டுவதற்கு எனக்கு வேறு கதவு இல்லை. உமக்கே தெரியும்.

அக்டோபர் 11, செவ்வாய்

தூத்துக்குடியிலிருந்து விடியுமுன் பஸ். பியூலாவுக்கு ஜன்னல் ஓரம். ஆஸ்பத்திரியில் முபீனா என்ற பெண் எங்களைப் பார்த்துக்கொண்டாள். இந்த ஆராய்ச்சிக்கு வருகிறவர்களை எல்லாம் கவனிப்பது அவள் வேலை. சிறு பெண், சிரித்த முகம். ஒவ்வொரு வியாழனும் போன் பண்ணி விசாரிப்பாளாம்.

டிரிப் பை முழுவதையும் ஒரு வெள்ளை உறை போட்டு மறைத்திருந்தார்கள். உள்ளே என்ன நிறம் என்று பார்க்க முடியவில்லை. முடிந்து குழாயைக் கழற்றும்போது நுனியில் ஒரு சொட்டு நின்றது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஐயோ அம்மா! என்ன செய்றீங்க?" என்று முபீனா ஓடிவந்தாள்.

"உப்பாயிருக்கா, வேற எதுவுமான்னு பாத்தேன்."

"எப்படி இருக்கு?" என்று கட்டிலில் இருந்து பியூலா கேட்டாள்.

கரித்தது. வெறும் உப்புத் தண்ணீர்தானா என்று முபீனாவின் கையைப் பிடித்தேன். மருந்தாக இருந்தாலும் உப்புத் தண்ணீரில்தான் கலப்போம், எல்லாமே கரிக்கும் என்று முபீனா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. "தூத்துக்குடிக்காரிக்கு உப்பு தெரியாமலா போகும்" என்று சொல்லி பியூலா பஸ்ஸில் ஏறும்வரை சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு நல்ல காய்ச்சல். என் வீட்டுக்காரர் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை முடிந்து வந்து, ஈரத்துணியை அவள் நெற்றியில் போட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "புள்ளைக்கு நெருப்பா கொதிக்கு. நீ என்னன்னா சிரிச்சுக்கிட்டு நிக்கே."

வெறும் உப்புத் தண்ணீருக்குக் காய்ச்சல் வருமா? மருந்துதான். ஸ்தோத்திரம்.

அக்டோபர் 13, வியாழன்

முபீனா போன் பண்ணினாள். காய்ச்சல் வந்ததை முதலில் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கா" என்றேன். பியூலா இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நான் சொன்னது பொய் அல்ல. வரப்போவதைச் சொன்னேன்.

அக்டோபர் 27, வியாழன்

மழை. துணி காயவில்லை. இரண்டாவது டிரிப் முந்தாநாள் ஏறியது, காய்ச்சல் வரவில்லை. ஏன் வரவில்லை?

முபீனாவிடம் நன்றாக இருக்கிறாள் என்றேன்.

நவம்பர் 6, ஞாயிறு

அதிசயம். தேங்காய் திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அடுப்படி வாசலில் பியூலா நிற்கிறாள். கையில் கம்பு இல்லை.

"கம்பு எங்கட்டி?"

"பாத்ரூம்ல மறந்துட்டேன் எம்மா."

மறந்துவிட்டாள்! மூன்று வருஷமாகக் கையோடு ஒட்டியிருந்ததை மறந்துவிட்டாள். திருகியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளுடைய இடது உள்ளங்கை முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

நவம்பர் 8, செவ்வாய்

மூன்றாவது டிரிப். அவள் கம்பில்லாமல் நடந்ததை முபீனாவிடம் சொன்னேன். தாழ்வாரத்தில் கோடு போட்டு நடக்கவிட்டு நேரம் பார்க்கிறார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தாள். போன தடவையைவிடச் சீக்கிரம் என்று முபீனா சொன்னாள். டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் சந்தோஷத்தைக் காட்டவில்லை. காட்டக்கூடாதோ என்னவோ.

நவம்பர் 13, ஞாயிறு

ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் நானும் எழுந்து நின்றேன். என் மகள் கம்பில்லாமல் நடந்து அடுப்படிக்கு வந்தாள் என்று சொன்னேன். சபை முழுவதும் கை தட்டியது. பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பியூலா தலை குனிந்தவள் நிமிரவில்லை.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள். "எம்மா, நீங்க சுவரைப் பத்திச் சொல்லலையே."

"சுவருக்கு எதுக்குட்டி சாட்சி?"

"சுவரைப் பிடிச்சுக்கிட்டுல்லா வந்தேன்."

"இன்னைக்குச் சுவர். நாளைக்கு அதுவும் வேண்டாம். இப்படிப் பேசித்தான் வந்த ஆசீர்வாதத்தைத் தொலைக்கிறது."

"சரி எம்மா" என்றாள்.

நவம்பர் 19, சனி

தினமும் ஆட்கள் வருகிறார்கள். நடந்து காட்டச் சொல்கிறார்கள். பியூலா கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்து காட்டுகிறாள். எல்லாரும் நன்றி சொல்லி ஜெபித்து, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போனதும் பொழுது சாயும்வரை படுத்துக்கொள்கிறாள். சீனி இந்த மாதம் இரண்டு கிலோ அதிகம்.

நவம்பர் 26, சனி

நாலாவது டிரிப் செவ்வாய் அன்று ஏறிவிட்டது.

கிறிஸ்மஸுக்குச் சபை மேடைக்கு விரிப்பு தைத்துக்கொடுக்கிறேன் என்று கர்த்தரிடம் பொருத்தனை பண்ணியிருந்தேன். ஐயம்பெருமாள் அண்ணாச்சி கடையில் சிவப்பு வெல்வெட் எடுத்தேன். நல்ல இரத்தச் சிவப்பு. கடை வெளிச்சத்தை நம்பாமல் தெரு வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

நவம்பர் 28, திங்கள்

சாயங்காலம் துணியைப் பிரித்து பியூலாவிடம் காட்டினேன். இடது கன்னத்தைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்தாள். படுத்தபடியே பார்த்தாள்.

"ஏம்மா வெளுத்த துணியப் போய் எடுத்துருக்கீங்க? பழைய செங்கல் மாதிரி இருக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணாச்சி உள்ளே போய்த் துணியை மாற்றிக் கட்டியிருக்கவேண்டும்.

"அது இல்லை எம்மா. வலது கண்ணைத் திருப்பினா உள்ள யாரோ இழுக்கது மாதிரி—"

"ஸ்தோத்திரம் சொல்லு" என்றேன்.

"எம்மா, நான் சொல்லுதத..."

"சொல்லாத. வாயில வராத. ஸ்தோத்திரம் சொல்லு."

சொன்னாள்.

நவம்பர் 29, செவ்வாய்

கடை திறக்குமுன் போய் நின்றேன். நடுத்தெருவில் கேட்டேன். "ஊழியத்துக்குன்னு சொல்லித்தானே வாங்கினேன், கர்த்தருக்குக் குடுக்கிற துணியிலயா ஏமாத்துவீக?"

அண்ணாச்சி துணியை விரித்தார். ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். ஒரு பொட்டுச் சாயம் ஒட்டவில்லை. கடைப்பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு என்ன நிறம் என்று கேட்டார். இரண்டு பேரும் சிவப்பு என்றார்கள். எனக்கும் சிவப்பாகத்தான் தெரிந்தது.

"அப்போ ஏந்தாயி வெளுத்துட்டுன்னு சொன்ன?"

"எம் மக சொன்னா."

"அப்ப துணிய இங்கன வச்சுட்டு மகளைக் கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்றார். கடைப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வியாபாரிக்கு இவ்வளவு வாய் ஆகாது.

வீட்டில் பியூலா எழுந்து உட்கார்ந்து துணியைப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். அதைத் திறந்து மற்றதை மூடினாள். பிறகு மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு எம்மா. தச்சிருங்க" என்றாள்.

விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கும்.

டிசம்பர் 1, வியாழன்

"புதுசா ஏதாவது தொந்தரவு உண்டாம்மா?"

"கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கா."

போனை வைத்துவிட்டுப் போர்வையை எடுத்துச் சுற்றிக்கொண்டேன். குளிர். மார்கழி மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 4, ஞாயிறு

பியூலா இன்று பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டே ஆராதனை முழுவதும் வாசித்தாள். இப்படி ஆவியில் நிறைந்து வாசித்து நாங்கள் கேட்டதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

காலையில் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டாள். கை தவறுவது யாருக்கும் உண்டு. பாய் ஒன்றை அலசிப் போட்டேன்.

டிசம்பர் 6, செவ்வாய்

ஐந்தாவது டிரிப். டாக்டர் அங்கயற்கண்ணி ஊரில் இல்லை, வேறொரு சின்ன டாக்டர் இருந்தார். இரத்த அழுத்தம் பார்த்தார், நடக்கவிட்டார், கேள்விகளை வரிசையாகக் கேட்டார். கை? கால்? சிறுநீர்? கண் பார்வை?

பியூலா என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கா டாக்டர்" என்றேன்.

"அவங்க சொல்லட்டும்மா."

"நல்லா இருக்கு டாக்டர்" என்றாள்.

டிரிப் ஏறியது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். பாதியில் சொல்ல வரவில்லை. பிறகு சொட்டுகளை எண்ண மட்டும் செய்தேன்.

டிசம்பர் 10, சனி

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். சபைக்கும் விசேஷ நாட்களில் மட்டும் வருவார். இன்று சாப்பிட்ட கையோடு அடுப்படிக்குள் வந்து நின்றார்.

"புள்ள டிவி பாக்கையில வலது கண்ணைப் பொத்திக்கிட்டு பாக்கா. கவனிச்சியா?"

"கூச்சமா இருக்கும்."

"கனகமணி, அவளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. இல்லை அந்த முபீனாட்டயாவது சொல்லு."

"இன்னும் ஒரு டோஸ்தான் பாக்கி இருக்கு" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். டோஸ் கணக்கு ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"எடைமேடையில நிக்கிற லாரிக்காரன் மாதிரி பேசுத" என்றார். "முள்ளு எதைக் காட்டினாலும், தனக்கு வேண்டிய எடையத்தான் வாசிப்பான்."

பாத்திரம் கழுவி முடித்து முழங்காலில் நின்றேன். நன்றி சொல்லத்தான் நின்றேன். முழங்கால் மரத்துப்போகும்வரை சும்மா நின்றேன்.

டிசம்பர் 15, வியாழன்

நல்லா இருக்கா என்றேன். விரிப்புக்குச் சரிகை வைத்து முடித்தாயிற்று.

டிசம்பர் 20, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசி டோஸ் என்பதால் டாக்டர் அங்கயற்கண்ணியே முழுவதும் சோதித்தார். முபீனா டிரிப் பையை அதன் வெள்ளை உறையோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டாள். டாக்டர் பியூலாவின் கண்ணில் டார்ச் அடித்தார். இந்தக் கண், அந்தக் கண், மறுபடி இந்தக் கண். அவர் முகம் மாறியது. மேசையிலிருந்த மருந்து பாட்டிலின் மூடியைக் கழற்றி, அவள் முன்னால் பிடித்தார். சிவப்பு மூடி.

"வலது கண்ணை மூடிக்கோங்க. என்ன நிறம்?"

"சிவப்பு."

"இப்ப இடதை மூடுங்க."

பியூலா கழுத்தை நீட்டி மூடியை உற்றுப் பார்த்தாள்.

"முதல்ல பார்த்த சிவப்பு நூறு ரூபாய்னா, இப்ப தெரியிறது எவ்வளவு?"

தலை குனிந்தபடி சொன்னாள். "பத்து ரூபா."

நான் எழுந்து மேசைக்குக் கிட்டப் போனேன். "டாக்டர், அது சிவப்பு மூடிதானே?"

"நல்ல சிவப்பும்மா. இவங்களுக்கு வெளுத்துத் தெரியுது. வலது கண் நரம்புல வீக்கம் வந்திருக்கு. இந்த வியாதி திரும்ப அடிச்சிருக்கு."

பழைய செங்கல் மாதிரி என்று அவள் சொன்னாளே. தலையணையில் இடது கண்ணைப் புதைத்துக்கொண்டு, வலது கண்ணால் பார்த்துச் சொன்னாளே. நான் துணியைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன்.

"எப்ப இருந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

பியூலா என்னைப் பார்க்கவில்லை. "நேத்துதான் டாக்டர். நேத்து ராத்திரிதான்."

என்னைக் காப்பாற்றுகிறாள். அந்தக் கண்ணோடு என்னைக் காப்பாற்றுகிறாள்.

"இல்லை டாக்டர்" என்றேன். "மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. எங்கிட்ட சொல்ல வந்தா. நான் சொல்லவிடலை."

முபீனா அதிர்ந்து திரும்பினாள். "நான் ஒவ்வொரு வாரமும் கேட்டேனேம்மா! நல்லா இருக்கான்னு சொன்னீங்களே!"

"நாங்க அப்படித்தாம்மா சொல்வோம்" என்றேன். அதற்குமேல் அவளுக்கு என்ன விளக்குவது?

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "முன்னாடியே வந்திருந்தா பார்வை முழுசா திரும்பியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அது பொய். ஆனா இவ்வளவு நாள் இந்தப் பொண்ணு தனியா இருட்டைச் சுமந்திருக்க வேண்டாம். இன்னொண்ணு. இந்த மருந்தை நாளைக்கு ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாமா வேண்டாமான்னு இவங்க சொல்றதை வச்சுத்தான் முடிவு செய்யப்போறோம். அந்த ஆயிரம் பேருக்கும் அம்மா இருப்பாங்க இல்லையா?"

முபீனா டிரிப் பையைக் கையில் எடுத்தாள். அதைக் கண்டதும் எனக்கு வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது. டாக்டர் காலைப் பிடித்தேன். "இந்த ஒண்ணை மட்டும் போட்டிருங்க. பைதான் வந்தாச்சே. ஒண்ணே ஒண்ணு. மருந்தாக்கூட இருக்கலாம்லா டாக்டர்!"

"எம்மா, எந்திரிங்க" என்று பியூலா சொன்னாள். "எந்திரிங்க எம்மா. போதும்."

பை போய்விட்டது. அதில் இருந்தது மருந்தா உப்பா என்று ஆராய்ச்சி முழுவதும் முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். ஒரு வருஷமோ, இரண்டோ.

டிசம்பர் 21, புதன்

ஆஸ்பத்திரி கட்டில். வீக்கம் வடிய வேறு டிரிப் ஏறுகிறது. இதற்கு உறை இல்லை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

கஞ்சி கொடுக்கும்போது பியூலா தானாகச் சொன்னாள். "எம்மா, நான் நல்லா நடக்கலை. கோட்டுல நடக்கவிடுவாங்கல்லா, அன்னைக்கு மட்டும் உயிரைக் குடுத்து நடப்பேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாளைக்குக் காலு இருக்கிறதே தெரியாது."

"ஏன்டீ?"

"சபை முழுக்கக் கை தட்டினாங்களே. நீங்க வேற அழுதீங்க. அதுக்குப் பிறகு நான் எப்படி நடக்காம இருக்க?"

கஞ்சி ஆறிப்போயிற்று. கீழே போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன்.

டிசம்பர் 24, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். கண்ணில் மாற்றம் இல்லை. வடிய நாளாகும், முழுவதும் வருமோ தெரியாது என்கிறார்கள்.

பாஸ்டர் ஐயா வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "நான் கர்த்தர்ட்ட விசுவாசமா பேசுங்கன்னு சொன்னேன் எம்மா. ஆஸ்பத்திரி போனுக்கும் அதையே சொல்லணும்னு நினைப்பீங்கன்னு எனக்குத் தோணலையே" என்றார். பிறகு அவராகவே, "தோணியிருக்கணும்" என்றார். ஜெபித்துவிட்டுப் போனார்.

பாஸ்டர் ஐயா மேல் பழியைப் போட எனக்கு இடம் உண்டு. ஆனால் காகிதத்தில் இருந்த அந்த விதியை இரண்டு தரம் வாசித்தது நான்.

டிசம்பர் 25, ஞாயிறு

மேடையில் நான் தைத்த விரிப்பு. கண்ணைக் குத்துகிற சிவப்பு. பியூலா வரவில்லை, கீபோர்டைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சாட்சி நேரத்தில் நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் கேக் வெட்டினோம்.

டிசம்பர் 27, செவ்வாய்

ஐயம்பெருமாள் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அன்றைக்குத் தெருவில் வைத்துப் பேசியதால் இன்றும் தெருவிலேயே நின்று சொன்னேன். "துணியில குத்தம் இல்லை அண்ணாச்சி. எம் மக கண்ணுலதான். நீங்க சொன்னது சரி."

அவர் திடுக்கிட்டுவிட்டார். "ஐயோ தாயி, நான் கோவத்துல வாய்க்கு வந்ததச் சொன்னேன்" என்று கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

அந்தத் துணியில் துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். தினமும் ஒரே சிவப்பை அவள் கண்ணுக்குக் காட்டி, நிறம் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கைக்குட்டை அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

டிசம்பர் 29, வியாழன்

டோஸ் நின்றாலும் போன் நிற்காதாம். பதினொரு மணிக்கு முபீனா கூப்பிட்டாள். முன்போல் அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"சொல்லுங்கம்மா. பியூலா எப்படி இருக்காங்க?"

என் வாய் தானாகப் பழைய பாதையில் போயிற்று. "கர்த்தருடைய..." என்று தொடங்கிவிட்டேன். கட்டிலிலிருந்து பியூலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கண்ணால்.

"நல்லா இல்லைம்மா" என்றேன்.

சொன்ன பிறகு காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

"சரிம்மா" என்றாள் முபீனா. குரல் இளகிவிட்டது. "ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

சொன்னேன். வலது கண்ணில் ஆள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. கண்ணைத் திருப்பினால் உள்ளே இழுக்கிறது, அது குறைந்திருக்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே மரக்கட்டை. இரவில் தொடை வெட்டி வெட்டி இழுக்கிறது. பாத்ரூமுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். நேற்று அழுதாள். இன்று காலையும் அழுதாள். இதெல்லாம் என் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு எனக்குத் தெரிந்திருக்கிறது.

"வேற ஏதாவது உண்டாம்மா?"

"ஒண்ணு இருக்கு. பழசு."

"சொல்லுங்க."

"நவம்பர் மாசம் கம்பில்லாம நடந்தான்னு உங்ககிட்டயும் சொன்னேன்லா, சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தா. கையெல்லாம் சுண்ணாம்பு. நான் சுவரைச் சொல்லலை. அதையும் எழுதிக்கோங்க."

முபீனாவின் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. "எழுதிட்டேன்மா" என்றாள்.

போனை வைத்தேன். பியூலா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று கிட்டப்போனால், பாதி அழுகை, பாதி சிரிப்பு.

"எம்மா... சுவரையுமா சொல்லிட்டீங்க?"

ஜனவரி 1, ஞாயிறு

புது வருஷ ஆராதனை. சாட்சி நேரத்தில் எழுந்தேன். என் மகளுக்கு வலது கண் தெரியவில்லை, கால் வரவில்லை, போன தடவை நான் சொன்னதில் பாதிதான் நிஜம், அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றேன். யாரும் கை தட்டவில்லை. யாரோ ஒரு பிள்ளை இருமியது. உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரும்போது சிலர் கையைப் பிடித்தார்கள், சிலர் அந்தப் பக்கமாகப் போனார்கள்.

கர்த்தாவே, இன்றைக்கு நன்றி சொல்லவில்லை. கேட்கிறேன். கொடுத்துவிட்டீர் என்று இனி உமக்குச் சொல்லமாட்டேன். கொடும்.

வந்ததும் சேலைகூட மாற்றாமல் துணித் துண்டை எடுத்தேன். பியூலாவின் இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"என்ன நிறம்ட்டி?"

நேரம் எடுத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அவளுக்கு வழியில்லை, என் முகம் அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

"வெளுத்துத்தான் இருக்கு எம்மா."

"சரி" என்றேன்.